கோல்ஃப் பகியின் பிரேக் ஷூக்களை மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

கோல்ஃப் பகி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிரேக் உண்டு. மிதியை அழுத்தும் விசை, பிரேக் எண்ணெயோ குழாயோ இல்லாமல், கேபிள் வழியாக நேரே, சக்கரத்தோடு சுழலும் உருளையான டிரமுக்குள் இருக்கும் நெம்புகோலுக்குப் போகிறது. நெம்புகோல் பிறைவடிவ இரும்புத் துண்டுகளான இரண்டு ஷூக்களையும் விரிக்க, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் டிரமின் உட்சுவரை அழுத்தி வண்டியை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்தி வைக்கும் பார்க்கிங் பிரேக்கும் இதே ஷூக்களைத்தான் நம்பியிருக்கிறது. ஆகவே ஒரு பக்க ஷூ தேய்ந்துவிட்டால் பிரேக்கில் பாதி போய்விட்டதாகவே கொள்ள வேண்டும், ஏனெனில் அந்தக் குறையை ஈடுகட்ட வேறு சக்கரம் இல்லை.

சிங்கப்பூரில் இந்த ஷூக்களுக்குக் கடுமையான வாழ்க்கை. செந்தோசாவின் செராப்போங், தஞ்சோங் மைதானங்களைப் போலக் கடலோரத்தில் ஓடும் வண்டிகளின் ஸ்பிரிங்குகளையும் கேபிள்களையும் உப்புக்காற்று அரிக்கிறது. ஆண்டு முழுவதும் மழை பெய்வதால் புல்வெளிப் பாதைகளில் தெறிக்கும் ஈரமும் மண்ணும் டிரமுக்குள் புகுகின்றன. போதாததற்கு, ஆட்டம் முடிந்து வரும் ஒவ்வொரு வண்டியும் குழாய்த் தண்ணீரால் கழுவப்பட்டு, பார்க்கிங் பிரேக் போட்டபடி ஈரத்தோடு இரவு முழுவதும் நிற்கிறது. லைனிங் முழுவதும் தேய்வதற்கு முன்பே துரு பிடித்து ஷூ அசையாமல் போவதும், டிரமோடு ஒட்டிக்கொள்வதும் இங்கே வழக்கமான கோளாறுகள்.

இந்த வேலையில் மிகப் பரவலாக நடக்கும் தவறு ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மிதி ஆழமாக இறங்கத் தொடங்கியதும் வண்டிக்கு அடியில் படுத்துக் கேபிளின் நட்டை இறுக்கிவிடுகிறார்கள். மிதி உடனே உயர்ந்துவிடும். வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் தேய்ந்த ஷூ தேய்ந்தபடியே இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் டிரமுக்குள் தானாகச் சரிசெய்துகொள்ளும் அட்ஜஸ்டர் உண்டு. நெம்புகோல் ஒவ்வொரு முறையும் தன் ஓய்வுநிலைக்கு முழுவதும் திரும்பினால்தான் அது தன் வேலையைச் செய்ய முடியும். கேபிள் இறுக்கமாக இருந்தால் நெம்புகோல் பாதி இழுத்த நிலையிலேயே நிற்கும், அட்ஜஸ்டர் செயலற்றுப் போகும், ஷூ டிரமை உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும், சூடேறிய லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிப் பிடிப்பை இழக்கும். முதலில் டிரமுக்குள் இருப்பதைச் சரிசெய்ய வேண்டும், கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும் என்ற ஒழுங்கை இந்த வழிகாட்டி முழுவதும் கடைப்பிடிக்கிறது.

எந்த வண்டிக்கு இது பொருந்தும்

கிளப் கார், ஈ-இசட்-கோ, யமஹா ஆகிய மூன்று தயாரிப்புகளின் டிரம் பிரேக் வண்டிகளுக்கும் இந்த முறை அடிப்படையில் பொருந்தும். நுணுக்கங்கள் வேறுபடும் என்பதால் உங்கள் வண்டியின் வரிசை எண்ணுக்கு உரிய பழுதுபார்ப்புக் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் அளவுக்கும் கையேட்டின் அளவுக்கும் வேறுபாடு இருந்தால் கையேடே சரி. ஈ-இசட்-கோ ஆர்எக்ஸ்வி மின்வண்டியில் சக்கர டிரம்முக்குப் பதிலாக மோட்டாரிலேயே மின்காந்த பிரேக் இருப்பதால் அதற்கு இந்த வழிகாட்டி பயன்படாது. வட்டு பிரேக், எண்ணெய் பிரேக் பொருத்திய பெரிய பயணி வண்டிகளுக்கும் பொருந்தாது.

மாற்ற வேண்டிய நேரம்

லைனிங்கின் எந்த ஓர் இடத்திலாவது தடிமன் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கியிருந்தால் ஷூக்களை மாற்றிவிட வேண்டும். டிரமைக் கழற்றாமல் இதை அளக்க முடியாது என்பதால் வண்டி காட்டும் அறிகுறிகளைக் கவனியுங்கள். மைதான ஊழியர் ஒருவர், "பிரேக் கீழே வரைக்கும் போகுதுண்ணே" என்று சொன்னால் லைனிங் தேய்ந்திருக்கலாம், கேபிளும் நீண்டிருக்கலாம். நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் மறுபக்கத்து ஷூ பிடிக்கவில்லை என்று பொருள். இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டால் லைனிங் தீர்ந்து ஷூவின் இரும்பே டிரமைச் சுரண்டுகிறது; அந்த வண்டியை அந்த நிமிடமே ஓட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மழைக்குப் பிறகு முதல் சில நிறுத்தங்களில் மட்டும் கேட்டு மறையும் கிறீச்சொலிக்கு டிரமின் மெல்லிய துருவே காரணமாக இருக்கக்கூடும். அதற்காக ஷூவை மாற்ற வேண்டியதில்லை.

மாற்றுவதென்றால் இரண்டு சக்கரங்களிலும் நான்கு ஷூக்களையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக ஓடும் வண்டி ஈரமான சரிவில் நேராக நிற்காது.

கருவிகளும் பொருள்களும்

ஜாக்கி, வண்டியின் எடையைத் தாங்கும் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுகள், முன்சக்கரங்களுக்கு அடைகட்டைகள், சாக்கெட் தொகுப்பு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், குறடு, பிரேக் ஸ்பிரிங் இழுக்கும் கருவி, கம்பித் தூரிகை, நடுத்தர உப்புத்தாள், பிரேக் கிளீனர், துருநீக்கி எண்ணெய், சூடு தாங்கும் கிரீஸ், புதிய காட்டர் பின்கள் (நட்டு கழலாமல் பூட்டும் மடக்குப் பின்கள்) ஆகியவை தேவைப்படும். பொதுக் கருவிகள் ஜாலான் புசார் வட்டாரத்து வன்பொருள் கடைகளில் கிடைக்கும். ஷூக்களை மட்டும் வண்டியின் தயாரிப்பு, மாடல், ஆண்டு மூன்றையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயருள்ள மாடலிலும் இடையில் பிரேக் அமைப்பை மாற்றியிருப்பார்கள். ஷூவோடு ஸ்பிரிங் தொகுப்பையும் சேர்த்து வாங்குவது நல்லது. நம் காற்றில் துருவேறிய ஸ்பிரிங் பார்ப்பதற்கு முழுதாகத் தெரிந்தாலும் இழுவிசையை இழந்திருக்கும். ஷூவை டிரமிலிருந்து விலக்கும் வேலை முழுவதும் அந்தச் சிறு ஸ்பிரிங்குகளுடையது.

கண்ணாடி, கையுறை, தூசியை வடிகட்டும் முகக்கவசம் மூன்றும் கட்டாயம். பழைய லைனிங்குகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும் என்பதாலும், ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பிரேக் தூசியும் நுரையீரலுக்குக் கேடு என்பதாலும், காற்றழுத்தக் குழாயால் டிரமை ஊதிச் சுத்தம் செய்யவே கூடாது. பட்டறையில் காற்றுக்குழாய் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பழக்கத்தில் அதை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியை அசையாமல் நிறுத்துதல்

சமமான கான்கிரீட் தளத்தில் வண்டியை நிறுத்துங்கள். புல்லிலும் செங்கல் பாதையிலும் ஸ்டாண்டு அமிழ்ந்து சாயும். சாவியை அணைத்து எடுத்துவிட்டு, திசைக் கட்டுப்பாட்டை நடுநிலையில் வைத்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் அடைகட்டை கொடுங்கள். மின்வண்டியாக இருந்தால், இருக்கைக்கு அடியில் உள்ள சுவிட்சை ஓட்ட நிலையிலிருந்து இழுவை நிலைக்கு மாற்ற வேண்டும். ஓட்ட நிலையில் சக்கரத்தைக் கையால் சுழற்றினால் மோட்டார் எதிர்த்துத் தடுக்கக்கூடும். பிரேக் உரசுகிறதா, மோட்டார் தடுக்கிறதா என்பதைப் பிரித்தறிய முடியாது. ஆனால் இழுவை நிலையில் மோட்டாரின் தடை முற்றிலும் நீங்கிவிடுவதால், பார்க்கிங் பிரேக்கையும் விடுவித்த பிறகு வண்டியைப் பிடித்து வைப்பவை அடைகட்டைகள் மட்டுமே.

அடுத்து பேட்டரித் தொகுப்பின் முதன்மை எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். 36 அல்லது 48 வோல்ட் என்பது உடலில் பாயும் அதிர்ச்சியைக் காட்டிலும் குறுக்குச்சுற்றால் ஆபத்தானது: ஸ்பேனர் ஒன்று இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், தீப்பொறி பறக்கும், ஈய-அமிலப் பேட்டரியிலிருந்து மின்னேற்றத்தின்போது வெளிவந்த ஹைட்ரஜன் வாயு பக்கத்தில் தேங்கியிருந்தால் வெடிக்கும். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் மின்காப்பு நாடா சுற்றிக்கொள்ளுங்கள். கம்பியைக் கழற்றிய பிறகும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்குள் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும் என்பதால், அதை வெளியேற்றுவதற்குக் கையேடு சொல்லும் முறையையும் பின்பற்ற வேண்டும்.

சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே, பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில், அரைச்சுற்று மட்டும் தளர்த்துங்கள். பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தி, ஆக்சில் குழாயின் இரு முனைகளுக்கு அருகில் ஸ்டாண்டுகளை நிறுத்தி, எடை முழுவதையும் அவற்றின் மேல் இறக்குங்கள். ஈய-அமிலப் பேட்டரிகளோடு ஒரு பகியின் எடை அரை டன்னை நெருங்கும். ஜாக்கியின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒரு கையைக்கூட நீட்டாதீர்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான கருவிகளையும் வேலைமுறையையும் ஏற்பாடு செய்யும் கடமையை முதலாளிமேல்தான் வைத்திருக்கிறது. ஸ்டாண்டில் ஏற்றிய பின் வண்டியைப் பக்கவாட்டில் சற்றே தள்ளிப் பாருங்கள். ஆடாமல் நின்றால் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இரண்டு சக்கரங்களையும் கழற்றலாம்.

டிரமைக் கழற்றுதல்

முதல் வேலையாக, வண்டியின் அடிப்பகுதியில் மிதியிலிருந்து வரும் கம்பி இரண்டு பின்கேபிள்களாகப் பிரியும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்குள்ள பூட்டுநட்டைத் தளர்த்திக் கேபிள்களுக்கு நன்றாகத் தொய்வு கொடுங்கள். தளர்த்துவதற்கு முன் நட்டு இருந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; ஆனால் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நோக்கமன்று, முன்பு யாரோ இறுக்கி வைத்த இடமாகவும் அது இருக்கலாம்.

டிரம் இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சிலின் முனையிலேயே தட்டு இருந்து, அதன் போல்ட்டுகளின் மேல் டிரம் வெறுமனே செருகியிருப்பது ஒரு வகை. சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் கையோடு வர வேண்டும், போல்ட்டுகளில் மெல்லிய தகட்டுப் பிடிப்பான்கள் இருந்தால் மட்டும் அவற்றை முதலில் நீக்க வேண்டும். மற்றொரு வகையில் டிரமும் சக்கரம் மாட்டும் பகுதியும் ஒன்றாக இருந்து, ஆக்சிலின் பல்வெட்டுகளில் அமர்ந்து, நடுவில் பள்ளம் வெட்டிய பெரிய நட்டாலும் காட்டர் பின்னாலும் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பின்னை நிமிர்த்தி உருவி எறிந்துவிடுங்கள். ஒருமுறை மடங்கிய பின்னை மறுபடி மடக்கினால் அது எப்போது முறியும் என்று சொல்ல முடியாது, அது முறிந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும்.

டிரம் வர மறுத்தால் பெரிய சுத்தியலைத் தேட வேண்டாம். வார்ப்பிரும்பாலான டிரம் விளிம்பில் அடித்தால் விரிசல் விடும். டிரமின் உட்சுவரில் தேய்ந்து உருவான வரப்பில் ஷூ சிக்கியிருக்கலாம். அப்போது அட்ஜஸ்டரைத் துளை வழியாகப் பின்வாங்க வைத்து ஷூக்களைச் சுருக்க வேண்டும். துருதான் காரணம் என்றால் டிரமும் ஆக்சிலும் சேரும் இடத்தில் துருநீக்கி எண்ணெயைச் சிறிதளவு விட்டு ஊற வைத்து, டிரமை இழுத்துக் கழற்றும் புல்லர் கருவியைச் சீராக இறுக்குங்கள். நட்டு உள்ள வகையில் அந்த நட்டை நுனியில் சில மரைகள் மட்டும் திரும்ப ஏற்றி வைத்தால் ஆக்சிலின் மரை சிதையாது, டிரமும் திடீரென்று காலில் விழாது.

உள்ளே பார்க்க வேண்டியவை

இந்தக் கட்டத்தில் நேரம் செலவழியுங்கள். ஷூ மாற்றும் வேலையைவிட இந்தப் பரிசோதனைக்கு மதிப்பு அதிகம். முதலில் தூசியைப் பிரேக் கிளீனரால் நனைத்து, ஒரு தட்டில் வடியவிட்டு, துணியால் துடைத்தெடுங்கள். வடிந்ததை மழைநீர்க் கால்வாயில் ஊற்றக் கூடாது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சிலேத்தார் கன்ட்ரி கிளப் போன்ற மைதானங்கள் நீர்த்தேக்கத்தின் கரையிலேயே இருக்கின்றன. வடிந்த திரவத்தையும் துணியையும் மூடிய கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவுச் சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒரு பக்கத்தை முடிக்கும்வரை மறுபக்கம் அப்படியே இருந்தால், எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்பதற்கு அதுவே வழிகாட்டி. இடதும் வலதும் கண்ணாடிப் பிம்பம்போல் மாறியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிரிக்கும் முன் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். ஊறியிருந்தால், ஆக்சில் வழியாக எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையமான ஆக்சில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் புதிய ஷூவைப் பொருத்தினால் அதுவும் சில வாரங்களில் எண்ணெய் குடித்துப் பிடிப்பை இழக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்: சூடேறும்போது உள்ளிருக்கும் எண்ணெய் மீண்டும் மேலே வரும். டிரமின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். மெல்லிய துருவை உப்புத்தாளால் நீக்கலாம். நகம் மாட்டும் ஆழமான கோடுகள், விரிசல், சூட்டினால் நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தாலோ, உள்விட்டம் கையேடு அனுமதிக்கும் எல்லையைக் கடந்திருந்தாலோ டிரமையும் மாற்றுவதே வழி. பிறகு கேபிளின் உறையை முழு நீளத்துக்கும் பாருங்கள். உறை வெடித்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கும். இழுத்துவிட்டால் தானாகத் திரும்பாத கேபிளும் இழை பிரிந்த கேபிளும் கிரீஸ் போட்டுக் காப்பாற்றத் தக்கவை அல்ல.

புதிய ஷூக்களைப் பொருத்துதல்

ஷூக்களைப் பின்தட்டோடு (டிரமுக்குப் பின்னால் சுழலாமல் நிற்கும் தட்டு) பிடித்திருக்கும் பிடிப்பான்களை நீக்கி, ஸ்பிரிங்குகளைக் கருவியால் விடுவியுங்கள். இழுத்த நிலையில் உள்ள ஸ்பிரிங் தெறித்து முகத்தில் படும் என்பதால் கண்ணாடி அணிந்திருப்பதை இங்கே இன்னொரு முறை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஷூக்களை எடுத்ததும், அவை உரசி நகரும் பின்தட்டின் மேடான இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துரு நீக்கி, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லிதாகப் பூசுங்கள். நெம்புகோலின் அச்சுக்கும் அட்ஜஸ்டரின் நகரும் பகுதிகளுக்கும் அதே அளவு போதும். மிகையான கிரீஸ் சூட்டில் உருகி லைனிங்குக்குப் போகும். நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்த்து, தடையில்லாமல் திரும்புகிறது என்று தெரிந்த பிறகே புதிய ஷூவை எடுங்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வளைவு, அகலம், துளைகளின் இடம் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். சில அமைப்புகளில் முன்ஷூவுக்கும் பின்ஷூவுக்கும் லைனிங்கின் நீளம் வேறுபடும். இடம் மாறினால் பிரேக்கின் விசை குறையும். கிரீஸ் பட்ட கையுறையை மாற்றிவிட்டு, லைனிங்கைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து, ஷூக்களைப் பின்தட்டில் அமர்த்தி, ஸ்பிரிங்குகளைப் படத்தில் இருந்தபடி மாட்டுங்கள். புதிய லைனிங் தடித்தது என்பதால், அட்ஜஸ்டர் முழுவதும் பின்வாங்கிய நிலையில் இல்லாவிட்டால் டிரம் ஏறாது. டிரம் ஏறவில்லை என்று லைனிங்கை உரசிக் குறைக்க வேண்டாம். அட்ஜஸ்டரையும் கேபிளின் தொய்வையும் மறுபடி பாருங்கள்.

டிரம் கழன்றிருக்கும் நிலையில் யாரும் பிரேக் மிதியை அழுத்தக் கூடாது. ஷூக்கள் அளவுக்கு மீறி விரிந்து இடம் பெயரும், அட்ஜஸ்டரும் நீண்டுவிடும். உதவிக்கு ஆள் இருந்தால் இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்.

மூடுதலும் சரிசெய்தலும்

டிரமின் உட்சுவரைப் பிரேக் கிளீனரால் இறுதியாக ஒருமுறை துடைத்து, நேராக ஏற்றுங்கள். நடு நட்டு உள்ள வகையில் அதைக் கையேட்டின் குறைந்தபட்ச இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, பள்ளமும் ஆக்சிலின் துளையும் நேராகாவிட்டால் இன்னும் இறுக்கி நேராக்க வேண்டும். காட்டர் பின்னைச் செருகுவதற்காக நட்டைப் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. ஈ-இசட்-கோ டிஎக்ஸ்டி வண்டியில் இந்தக் குறைந்தபட்சம் ஏறக்குறைய 95 நியூட்டன் மீட்டர், உச்சம் 190 நியூட்டன் மீட்டர். புதிய காட்டர் பின்னைச் செருகி, இரண்டு கால்களையும் மடக்கிவிடுங்கள்.

மறுபக்கத்தையும் இவ்வாறே முடித்து, சக்கரங்களைப் பொருத்திய பிறகு, கேபிள் தொய்வாக இருக்கும் நிலையிலேயே பிரேக் மிதியை உறுதியாக அழுத்தி முழுவதும் விடுங்கள். இதை இருபது முறை வரை செய்ய வேண்டியிருக்கலாம். ஒவ்வோர் அழுத்தத்திலும் அட்ஜஸ்டர் சிறிது சிறிதாக முன்னேறி ஷூக்களை டிரமுக்கு அருகில் கொண்டுவரும். ஒரு கட்டத்தில் மிதியின் உயரம் மாறாமல் நிலைத்துவிடும். தானியங்கி அட்ஜஸ்டர் இல்லாத வண்டியில், சக்கரம் லேசாக உரசும்வரை கையால் அட்ஜஸ்டரைத் திருப்பி, உரசல் நீங்கும் அளவு பின்வாங்க வேண்டும்.

கேபிளின் முறை இப்போதுதான் வருகிறது. பூட்டுநட்டைத் திருப்பித் தொய்வை மட்டும் நீக்குங்கள். மிதியின் தொடக்கத்தில் கையேடு கூறும் அளவு வெறும் ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். இரண்டு பக்கக் கேபிளையும் இழுக்கும் குறுக்குத் துண்டு சாயாமல் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் இன்னும் சரியாகவில்லை. அதைக் கேபிளால் நேராக்க முயலாமல், அந்தப் பக்கத்து டிரமைத் திறந்து பார்க்க வேண்டும்.

சக்கரங்களைக் கையால் சுழற்றுங்கள். ஒன்றைச் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுழலலாம். நடுவில் உள்ள டிஃபரென்ஷியல் கியரின் இயல்பு அது. மெல்லிய உரசல் ஓசை இருக்கலாம், இறுக்கம் இருக்கக் கூடாது. மிதியை ஒருவர் அழுத்தும்போது இரண்டு சக்கரங்களும் ஒரேசமயத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டதும் இரண்டும் உடனே விடுபட வேண்டும். பின்னர் வண்டியை இறக்கி, சக்கர நட்டுகளைக் குறுக்கு வரிசையில் கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, பேட்டரிக் கம்பியை மாட்டி, சுவிட்சை ஓட்ட நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில், நடைவேகத்தில் முதல் நிறுத்தத்தைச் செய்யுங்கள். வண்டி நேராக நின்றால் வேகத்தைச் சற்றே கூட்டி, மென்மையான நிறுத்தங்களை இடைவெளி விட்டுத் தொடருங்கள். புதிய லைனிங்கின் முழுப்பரப்பும் டிரமோடு படிய இது தேவை. தொடக்கத்திலேயே கடுமையாக நிறுத்திச் சூடேற்றினால் லைனிங் வழவழப்பாகிவிடும். அதன் பிறகு மைதானத்தின் செங்குத்தான பாதை ஒன்றில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் மட்டும் வண்டியைப் பிடித்து வைக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையின்போது ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கம் எவரும் நிற்கக் கூடாது. ஓட்டி வந்ததும் இரண்டு டிரம்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அந்தப் பக்கம் ஷூ முழுவதும் விடுபடவில்லை.

ஒரு வாரம் வண்டி ஓடிய பின் சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் மிதியின் வெறும் ஆட்டத்தையும் மறுபடி சரிபாருங்கள். வண்டியைக் கழுவும் ஊழியர்களிடம், கழுவி முடித்ததும் மிதியை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் மெதுவாக ஓட்டி டிரமை உலர்த்திவிட்டு நிறுத்துமாறு சொல்லிவையுங்கள். ஈரமான ஷூ இரவில் டிரமோடு ஒட்டுவது இதனால் பெருமளவு குறையும். வண்டி எண், மாற்றிய தேதி, அன்று அளந்த டிரமின் உள்விட்டம், கேபிளின் நிலை ஆகியவற்றைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை அதே வண்டியைத் திறப்பவருக்கு எந்தப் பக்கம் வேகமாகத் தேய்கிறது என்பது தெரிந்திருக்கும்.